மூங்கிலையும் தேக்கையும் ஒட்டி வில் செய்ய எந்தப் பசை நல்லது? வெள்ளைப் பசை போதுமா?

போதாது. மெதுவாக இறுகும் எபாக்சி வாங்குங்கள், ரெசின், ஹார்டனர் என்று இரண்டு பாகமாக வரும், கலந்ததும் இறுகும் பசை அது. தச்சு வேலையில் மிச்சமான வெள்ளைப் பசை வீணாகிறதே என்று எழுதியிருந்தீர்கள். அதை ஸ்டூலுக்கோ அலமாரிக்கோ வைத்துக்கொள்ளலாம்.

நாற்காலியில் ஒட்டிய இடம் அசையாமல் இருந்தால் போதும். வில் அப்படியில்லை. நாணை இழுக்கும்போது வில்லின் முதுகு நீளப் பார்க்கும், நம்மைப் பார்க்கும் வயிற்றுப் பக்கம் சுருங்கப் பார்க்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தை வளைத்தால் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவி ஓரம் படிப்படியாக நிற்குமே, அந்த நழுவலைத்தான் பசை ஒவ்வொரு இழுப்பிலும் தடுத்தாக வேண்டும். வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் சூட்டில் இளகும் இனம். விடாமல் பாரம் இருந்தால் மெல்ல நகரவும் செய்யும்.

இதை நான் அனுபவப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் காரைக்குடியில் மகர்நோன்பு என்னும் விஜயதசமி அன்று சாமி அம்பு போடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வந்த ஆசை, வில் செய்ய உட்கார்ந்தேன். முதல் வில் வெள்ளைப் பசைதான். ஒரு சித்திரை மதியம் நாண் ஏற்றியபடியே அதை வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், வெயில் விழும் தூணில் சாய்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். வந்து பார்த்தால் நுனியில் மூங்கில் பட்டை தேக்கைவிட ஒரு நகக்கனம் உள்வாங்கி நின்றது. அன்றைக்கு உடையவில்லை. பத்து நாள் கழித்துப் பிடிக்குச் சற்று மேலே ஒட்டு வாய் பிளந்தது. எந்தப் பசையானாலும் நாண் ஏற்றிய வில்லை வெயிலில் வைக்கக் கூடாது, அது என் தவறு. ஆனால் நம் ஊரில் அந்தத் தவறு நடக்காமல் இருக்காது, பசை அதற்கும் சேர்த்துத் தாங்க வேண்டும்.

நீர் தாங்கும் வகை வெள்ளைப் பசையில் மரத்தோடு மரம் ஒட்டி நல்ல வில் செய்தவர்கள் உண்டு. அதற்கு இழைப்பு மிகத் துல்லியமாகப் பொருந்த வேண்டும், அந்தப் பசை இடைவெளியை நிரப்பாது. சிலர் வில்லில் ஒட்டும் கண்ணாடி இழைப் பட்டையில் அது பிடிக்கவே பிடிக்காது. பசையிலுள்ள தண்ணீரை மரம் உறிஞ்சும், கண்ணாடி இழை உறிஞ்சாது.

வச்சிரம், அதாவது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பழைய தச்சுப் பசை பற்றியும் கேட்டிருந்தீர்கள். எங்கள் தெரு ஆசாரி அண்ணன், அவர் அப்பா காலத்தில் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து வச்சிரம் காய்ச்சிய வாடையை இன்றும் சொல்வார். துருக்கியர்கள் கொம்பையும் மரத்தையும் விலங்கின் தசைநாரையும் சேர்த்த வில்லை, மீனின் காற்றுப்பையிலிருந்து காய்ச்சிய பசையிலும் தோல் பசையிலும்தான் ஒட்டினார்கள், அதனால் அதைக் குறைவாகப் பேச மாட்டேன். ஈரம்தான் அதற்கு எதிரி. ஐப்பசி அடைமழையில் நிம்மதியாகத் தூங்க முடியாது.

சரி, எபாக்சிக்கு வருவோம். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம். பட்டைகளை அடுக்கிக் கட்டவே அரை மணி நேரம் ஆகும், சூட்டையும் அது குறைவாகத்தான் தாங்கும். நான் பயன்படுத்துவது சாதாரண அரல்டைட், 100 கிராம் ரெசினுக்கு 80 கிராம் ஹார்டனர். கண்ணளவில் கலக்காமல் சின்னத் தராசில் நிறுத்துக் கலக்குங்கள். விடியற்காலையில் கலப்பது நல்லது. கிண்ணத்தில் மொத்தமாக வைத்தால் கலவை தானே சூடேறிச் சீக்கிரம் இறுகிவிடும், ஒரு தட்டில் மெல்லப் பரப்பி வையுங்கள். கையுறை கட்டாயம், தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை வந்து ஒட்டிக்கொள்ளும். தரையில் பழைய பாலிதீன் விரியுங்கள். எங்கள் வீட்டுப் பட்டாலையின் (கூடத்தின்) ஆத்தங்குடிக் கல்லில் விழுந்த ஒரு சொட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது.

தேக்கில் எண்ணெய் உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன்பு 80 நம்பர் உப்புத்தாள் போட்டு, தூசி தட்டி, அசிட்டோன் நனைத்த துணியால் துணியில் கறை படுவது நிற்கும் வரை துடைத்து, காய்ந்த உடனே பசை பூசிவிடுங்கள். மூங்கிலின் பளபளப்பான தோல் பக்கத்தில் பசை பிடிக்காது, அது வில்லின் முதுகாக வெளியே இருக்கட்டும். உள்பக்கத்தைத்தான் இழைப்புளியால் மட்டமாக்கி ஒட்ட வேண்டும். கணு இருக்கும் இடத்தில் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள், இடைவெளி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அப்புறம் அழுத்தம். நிறையப் பேர் தவறு செய்வது இங்கேதான். சி கிளாம்பை முழு பலத்தோடு முறுக்கினால் எபாக்சி எல்லாம் வழிந்து வெளியே போய், உள்ளே ஒட்டு பசியோடு நிற்கும். பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கீறிச் சுற்றிக் கட்டுங்கள். அழுத்தம் சீராக விழும், ஓரமெங்கும் மெல்லிய கோடாகப் பசை எட்டிப் பார்க்கும். அது போதும்.

அறைச் சூட்டில் மட்டும் இறுகிய எபாக்சியும் கடும் வெயிலில் கொஞ்சம் இளகும். அதனால் ஒரு நாள் இறுகவிட்டு, டியூப் கட்டை அவிழ்க்காமல், மொட்டை மாடியில் மூடிய தகரப் பெட்டிக்குள் வெப்பமானியோடு வைப்பேன். கத்திரி வெயிலில் 55 டிகிரி வரை ஏறியது. அப்படிச் சூட்டில் இறுகினால் பசை தாங்கும் சூடும் கூடுகிறது. 60 டிகிரியைத் தாண்டினால் மூடியைத் திறந்துவிடுவேன்.

வில்லில் கை வைக்கும் முன் அதே மூங்கில், தேக்குத் துண்டுகளை ஒட்டி, இதே மாதிரி வெயிலில் காயவைத்து, உளியால் பிளந்து பாருங்கள். மரநார் கிழிந்து வந்தால் உங்கள் ஒட்டு சரி. பசைப் பரப்பு வழவழவென்று தனியாகப் பிரிந்தால் துடைப்பிலோ கலவையிலோ கோளாறு, இன்னொரு துண்டு ஒட்டிப் பாருங்கள்.