நஸ்டர்ஷியம்: இலை தழைக்கிறது, பூ இல்லையே?

கேள்வி: பெங்களூரில் தங்கை வீட்டு வாசலில் நஸ்டர்ஷியம் பூத்துக் குலுங்குவதைப் பார்த்து ஆசைப்பட்டு விதை வாங்கி வந்தேன். தை மாதக் கடைசியில் குழித்தட்டில் முளைக்க வைத்து, மண்புழு உரம் நிறையக் கலந்த தொட்டிகளுக்கு மாற்றி, மொட்டை மாடியில் வைத்தேன். பாதி நாற்றுகள் மாற்றிய வாரத்திலேயே துவண்டுவிட்டன. மீதி இலையாகவே படர்ந்து, ஒரு பூகூடப் பூக்காமல் பங்குனியில் கருகிப்போயின. வேலூர் வெயிலுக்கு இந்தச் செடி வராதா?
– வாசகி, காட்பாடி

பதில்: வரும், சகோதரி, விதைத்த பருவம்தான் தவறு. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியைத் தாயகமாகக் கொண்ட இச்செடிக்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நம் ஊரில் அது கிடைப்பது மார்கழியும் தையும்தான் என்பதால், கார்த்திகை பிறந்ததும் விதைத்துவிடுங்கள்; ஏறக்குறைய எட்டு வாரங்களில், பொங்கலையொட்டிப் பூக்கத் தொடங்கும்.

விதை கொண்டைக்கடலை அளவில், தோல் சுருங்கி, கெட்டியாக இருக்கும். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, தொட்டியிலேயே நேரடியாக, ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி மண்ணால் நன்றாக மூடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாட்களில் முளைத்துவிடும். இதன் வேர் மிக மென்மையானது. குழித்தட்டிலிருந்து பிடுங்கி நட்டபோது வேர் அறுந்ததால்தான் உங்கள் நாற்றுகள் துவண்டிருக்க வேண்டும். பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு இரண்டு விதை போதும்.

உரத்தைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். செடியின் மேலுள்ள அன்பினால் நாம் அள்ளிப் போடும் மண்புழு உரத்தின் தழைச்சத்து முழுவதும் இலைக்கே போய்விடுகிறது. பூவுக்குத் தேவை சத்துக் குறைந்த மண். இரண்டு பங்கு செம்மண்ணும் ஒரு பங்கு ஆற்றுமணலும் கலந்து, ஒரே ஒரு கைப்பிடி மக்கிய தொழுஉரம் சேருங்கள். அதன்பின் உரமே வேண்டாம். கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கினால் விதை அழுகிவிடுமாதலால், தொட்டியின் துளைமேல் ஓர் ஓட்டாஞ்சில்லை வைத்து மண் நிரப்புங்கள். மழை விட்டபின் மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும்.

குளிர்மாதங்களில் முழு வெயிலிலேயே இருக்கட்டும். மார்கழிக் காலையில் அந்த வட்ட இலையை அருகே சென்று பாருங்கள்: காம்பு இலையின் நடுவில் சேர்ந்திருக்கும், பனித்துளி தாமரை இலைத் தண்ணீரைப் போல ஒட்டாமல் உருளும். அப்படியே இலையைத் திருப்பியும் பாருங்கள், ஏனென்றால் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அடியில்தான் அடையும். கண்டால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்; அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளியுங்கள்.

மாசிக் கடைசியில் வெயில் ஏறும்போது தொட்டிகளை அரைநிழலுக்கு மாற்றினால் இன்னும் சில நாட்கள் பூக்கும். பங்குனியில் காய்ந்தால் வருந்த வேண்டாம்; அடியில் மும்மூன்றாக உதிர்ந்து கிடக்கும் விதைகளைப் பொறுக்கி, நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு வையுங்கள்.

கேள்வி: நஸ்டர்ஷியம் இலையையும் பூவையும் சாப்பிடலாமா?
– வாசகர், ஆரணி

பதில்: சாப்பிடலாம். இரண்டிலும் கடுகைப் போன்ற காரம் இருக்கும். இளம் இலையைப் பொடியாக நறுக்கி வெள்ளரிக்காய்த் தயிர்ப்பச்சடியில் சேர்த்தால் நன்றாக இருக்கிறது. ஆனால் நர்சரியில் பூத்த நிலையில் வாங்கிய செடிக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. ஆகவே நீங்களே விதைத்து வளர்த்த செடியிலிருந்து மட்டும் பறியுங்கள்.