பாறைக் கோடும் கறி வரியும்

கேள்வி: குன்னூர் மலைப்பாதையில் பாறைச் சுவரில் இணை இணையாகப் பள்ளக் கோடுகள் தெரிகின்றன. பனியாறு உரசிய தடம் என்கிறார் என் அண்ணன். தசையிலும் இப்படி வரிகள் உண்டு என்கிறாள் பிளஸ் டூ படிக்கும் என் மகள். எல்லாம் ஒன்றுதானா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அம்மா. ஊட்டிப் புல்வெளியில் விழும் உறைபனி உருளைக்கிழங்குச் செடியைக் கருக்கும்; பாறையைச் சுரண்டாது. கோடுகள் செங்குத்தாக, ஒரே இடைவெளியில், பாதிக் குழாய் போலக் குழிந்திருந்தால், அவை சாலைக்காகத் தமர் அடித்து வேட்டு வைத்த துளைகள். பாறை பிளந்து விழும்போது துளையின் ஒரு பாதி சுவரிலேயே தங்கிவிடுகிறது. பனியாறு அளவெடுத்துக் கீறாது. அதன் அடியில் சிக்கிய கற்கள் இழுபட்டு, வழவழப்பாகத் தேய்ந்த பாறைமேல் கீறிக்கொண்டே போகும். அதைத்தான் பார்க்க வேண்டுமென்றால் மகாராஷ்டிரத்தில் சந்திரப்பூர் பக்கம் போகட்டும். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பனி, அங்கே சுண்ணாம்புப் பாறையில் கீறிவைத்திருக்கிறது.

பள்ளமே இல்லாமல் வெளிறிய பட்டையும் கரும்பட்டையும் மாறி மாறித் தெரிந்தால் அது மலையின் சொந்தச் சரக்கு. நீலகிரியின் சார்னோக்கைட் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமியின் ஆழத்தில் 700 டிகிரிக்கும் மேல் வெந்து நசுங்கியபோது கனிமங்கள் பிரிந்து அடுக்காயின: வெளிறியதில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும், கருத்ததில் பைராக்சீனும். (கொல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரரின் கல்லறைக்கு இந்த வகைக் கல்லைப் போட்டார்கள் என்பதற்காக அவர் பெயரையே இதற்கு வைத்ததில் எனக்குச் சம்மதமில்லை.)

மகள் சொல்வது உண்மை, ஆனால் வேறு கதை. ஆட்டுக்கறியில் பிய்த்தால் வருவது நார். வரி அந்த நாருக்குக் குறுக்கே ஓடுகிறது. நுண்ணோக்கி இல்லாமல் தெரியாது. ஒரு கரும்பட்டையும் ஒரு வெளிர்பட்டையும் சேர்ந்த ஒரு வரித்தொகுதியின் நீளம் இரண்டு மைக்ரோமீட்டர் சொச்சம். கரும்பட்டையில் மையோசின் என்ற புரதத்தின் தடித்த இழைகள், வெளிர்பட்டையில் ஆக்டின் என்ற புரதத்தின் மெல்லிய இழைகள். தசை சுருங்கும்போது கரும்பட்டையின் நீளம் மாறுவதில்லை, வெளிர்பட்டைதான் குறுகுகிறது என்று 1954இல் இரண்டு குழுக்கள் ‘நேச்சர்’ ஆய்விதழின் ஒரே இதழில் எழுதின. இழைகள் சுருங்காமல் ஒன்றுக்கிடையே ஒன்று நழுவுகின்றன. தொட்டபெட்டா ஏறும்போது உங்கள் கெண்டைக்காலில் நடப்பது இதுதான்.

கேள்வி: குடல் கறியிலும் அந்த வரி தெரியுமா?
– அதே வாசகியின் மகள்

பதில்: தெரியாது. குடலிலும் அதே இழைகள் உண்டு, ஆனால் வரிசை கட்டி நிற்பதில்லை. இதயத்தில் தெரியும். கறிக்கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஊசியால் மெலிதாகப் பிரித்து, பள்ளி நுண்ணோக்கியில் 400 மடங்கில் பார். கத்தியால் நறுக்கினால் வெறும் கலங்கல்தான் தெரியும்.