வாசகர் கேள்வி–பதில்: வீட்டிலேயே டயருக்குக் காற்று பிடிக்க

கேள்வி: காரின் டயரில் 51 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) என்று பொறித்திருக்கிறது. கையடக்கக் கம்ப்ரஸரில் அதே எண்ணை வைத்துக் காற்றடிக்கலாமா?

வேண்டாம். டயரின் பக்கச் சுவரில் இருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். உங்கள் காருக்கு எவ்வளவு வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும். முன் சக்கரத்துக்கு ஓர் எண், பின் சக்கரத்துக்கு ஓர் எண், முழுச் சுமை ஏற்றினால் வேறோர் எண் என்று இருக்கலாம், பொறுமையாகப் படியுங்கள். அலகையும் கவனியுங்கள். 2.2 பார் என்பது 32 பிஎஸ்ஐ. 230 கிலோபாஸ்கல் என்பது 33 பிஎஸ்ஐ. ஸ்டெப்னி மெலிந்த தற்காலிகச் சக்கரமாக இருந்தால் அதற்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ வேண்டியிருக்கும். அதன் மேலேயே எழுதியிருக்கும்.

கேள்வி: காலையில் 33 வைத்துக் கிளம்பினேன். நெடுந்தூரம் ஓடியபின் பார்த்தால் 38. கொஞ்சம் காற்றை இறக்கிவிடலாமா?

இறக்காதீர்கள். ஓடும்போது டயர் சூடாகி உள்ளே உள்ள காற்றின் அழுத்தம் ஏறுவது இயல்பு. 4 முதல் 6 பிஎஸ்ஐ வரை கூடும். கார் நிறுவனம் தந்த எண், ஆறிய டயருக்கானது. சூட்டில் 33க்கு இறக்கினால், ஆறியபின் 28தான் மிஞ்சும். வண்டி நின்று 3 மணி நேரமாவது ஆன பிறகு, வெயில் ஏறுமுன் பாருங்கள். சுற்றுப்புற வெப்பம் 5 அல்லது 6 டிகிரி குறைந்தால் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ குறையும். ஆகவே குளிர்காலத் தொடக்கத்தில் நான்கு டயரும் சேர்ந்தாற்போல் இறங்கியிருந்தால் பஞ்சர் என்று பயப்பட வேண்டாம். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால்தான் ஆணியைத் தேட வேண்டும்.

கேள்வி: பெட்டியில் 150 பிஎஸ்ஐ என்று போட்டிருந்ததால் வாங்கினேன். ஒரு டயருக்கே கால் மணி நேரம் ஆகிறது. கருவி தொட முடியாத அளவு சுடுகிறது. ஏன்?

150 என்பது அது எட்டக்கூடிய உச்சம். வேகத்தை அது சொல்லாது. கார் டயருக்கு 35ஐத் தாண்டுவதே அரிது. பார்க்க வேண்டியது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளுகிறது என்பதை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 195/65 ஆர்15 அளவு டயருக்குள் சுமார் 35 லிட்டர் இடம் உண்டு. 20 பிஎஸ்ஐயிலிருந்து 33க்கு ஏற்ற, வெளிக்காற்று ஏறத்தாழ 31 லிட்டர் தேவை. அடியோடு இறங்கிய டயர் என்றால் 80 லிட்டர். பெட்டியில் நிமிடத்துக்கு 35 லிட்டர் என்று எழுதியிருந்தாலும் அது எதிரழுத்தம் இல்லாதபோது உள்ள அளவு. டயருக்குள் தள்ளும்போது பாதியாகக் குறைந்துவிடலாம். அப்படிப் பார்த்தாலும் முதல் வேலை 2 நிமிடம், இரண்டாவது 5 நிமிடம். கால் மணி நேரம் என்றால் காற்று எங்கோ போகிறது.

முதலில் வால்வு இணைப்பைப் பாருங்கள். ஹோஸ் நுனியில் உள்ள திருகு நாசில் முழுதாக ஏறாவிட்டால், வால்வுக்குள் இருக்கும் ஊசி போன்ற ‘பின்’ சரியாக அழுந்தாது. காற்று உள்ளே போகாமல் விளிம்பில் சீறும். நெம்புகோல் வகை நாசிலில் உள்ள ரப்பர் வாஷர் தேய்ந்தாலும் இதே கதிதான். இணைப்பைச் சுற்றி சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். நாசிலைக் கழற்றியபின் வால்வின் வாயிலும் ஒரு துளி விடுங்கள்: குமிழி வந்தால் வால்வு பின்னை அதற்குரிய திருகியால் இறுக்கவும், நிற்காவிட்டால் மாற்றவும்.

இவை எல்லாம் சரி என்றால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கும். எண்ணெய் இல்லாமல் ஓடும் சிறு பிஸ்டன் அது. சூடுதான் அதன் எமன். 10 நிமிடம் ஓட்டினால் 15 நிமிடம் ஆறவிடுங்கள்; கையேட்டில் இதைவிடக் குறைந்த ஓட்ட நேரம் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஓடி முடித்ததும் பித்தளை நாசிலை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். அழுத்திய காற்றின் சூடு அங்கேயும் வந்து சேரும்.

கேள்வி: கருவி 33இல் தானாக நிற்கிறது. தனி அளவியால் பார்த்தால் 31. எதை நம்புவது?

ஓடும்போது கருவி காட்டுவது ஹோஸில் உள்ள அழுத்தம். மெல்லிய ஹோஸையும் வால்வின் குறுகிய துளையையும் தாண்டித்தான் காற்று டயரை அடைகிறது, ஆகவே இந்தப் பக்கம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். நின்று சில நொடி கழித்து வரும் எண்தான் சரி. அப்போதும் இரண்டு அளவிகளும் ஒத்துப்போகாவிட்டால், நல்ல தனி அளவி ஒன்றை வைத்து வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, கருவியில் அந்த அளவு கூட்டி வையுங்கள். நாசிலை மெதுவாகக் கழற்றினாலும் காற்று இழப்பு கூடும். கடைசித் திருகுகளைச் சட்டென்று சுழற்றுங்கள்.

கேள்வி: சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் ஃபியூஸ் போகிறது.

120 வாட் கருவி 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் கணத்தில் இன்னும் அதிகம். சாக்கெட்டின் ஃபியூஸ் 10 ஆம்பியராக இருந்தால் போகத்தான் செய்யும். பெரிய ஃபியூஸ் போடாதீர்கள், வயர் உருகும். நேரே பேட்டரி முனையில் கவ்வும் கிளிப் உள்ள கருவியே இதற்குத் தீர்வு. ஹோஸை மாட்டும் முன்பே சுவிட்சைப் போட்டு ஓடவிட்டால் தொடக்கச் சுமை குறையும். இன்ஜினை ஓடவிட்டுக் காற்றடிப்பது நல்லது, ஆனால் திறந்த வெளியில் மட்டும். மூடிய கராஜில் புகை உயிரைப் பறிக்கும்.

கேள்வி: அடியோடு இறங்கிய டியூப்லெஸ் டயரில் அடித்தால் ரிம்மைச் சுற்றிக் காற்று வெளியேறுகிறது.

டயரின் விளிம்பு ரிம்மை விட்டு விலகிவிட்டது. அதை மறுபடி உட்காரவைக்கக் காற்று ஒரே வீச்சில் பாய வேண்டும். சிறு கருவியால் அது ஆகாது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பாரம் இல்லாமல், டயரை ரிம்மோடு கையால் நெருக்கிப் பிடித்து ஒருமுறை முயலலாம். பிடிக்கவில்லை என்றால் ஸ்டெப்னியை மாட்டுங்கள். காற்றில்லாமல் சற்றுத் தூரம் ஓடிய டயரின் பக்கச் சுவர் உள்ளே நைந்திருக்கும். அப்படிப்பட்ட டயரைக் கழற்றி உட்புறம் பார்க்காமல் காற்றடித்து ஓட்டவே கூடாது.

கேள்வி: சைக்கிளுக்கும் இதே கருவி போதுமா?

போதும். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் நுனியில் உள்ள சிறு மரையைத் தளர்த்தி, ஒருமுறை அழுத்திவிட்டு அடாப்டரைத் திருகுங்கள். மெல்லிய டயருக்குள் ஒரு லிட்டர் அளவே இடம் இருப்பதால் 80 பிஎஸ்ஐக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நிறுத்தும் எண்ணை முன்கூட்டியே வைத்துவிடுங்கள். 20இல் ஒருமுறை நிறுத்தி, டியூப் எங்காவது ரிம்மில் மாட்டிப் பிதுங்குகிறதா என்று சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மிச்சத்தை அடியுங்கள்.