காட்டு முகாமில் குதிரைகளை இரவு எப்படிக் கட்டுவது?

கேள்வி: மிச்சிகனில் வசிக்கிறோம். நானும் மகளும் எங்கள் இரண்டு குதிரைகளோடு ஜூன் மாதம் பிஜன் ரிவர் வனப்பகுதியில் இரண்டு இரவு தங்கப் போகிறோம். மின்சாரம் இல்லை, கைப்பம்பும் குழிக் கழிப்பறையும்தான் என்கிறார்கள். இரவில் குதிரைகளை மரத்தில் கட்டிவிடலாமா? தண்ணீரும் தீவனமும் எவ்வளவு தேவைப்படும்?

பதில்: மரத்தில் நேரடியாகக் கட்ட வேண்டாம். சும்மா நிற்கும் குதிரை தரையைக் காலால் பறிக்கும், பட்டையைக் கடிக்கும். இரண்டே இரவில் வேர் வெளியே வந்துவிடும். சுற்றிலும் பட்டை போன மரம் பிழைக்காது. குதிரைக்கும் ஆபத்துதான்: மரத்தையே சுற்றிவந்து கயிறு குறுகிப்போனால் மிரண்டு இழுக்கும்.

இதற்கு வழி உயரக் கயிறு. ஏழெட்டு மீட்டர் இடைவெளியில் உறுதியான இரண்டு மரங்களைத் தேர்ந்தெடுங்கள். தரை மேடாகவும் காய்ந்தும் இருக்கட்டும். ஓடையிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மரங்களில் இரண்டு அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள நாடாக்களைச் சுற்றி, அவற்றுக்கு இடையே, நீளாத வகைக் கயிற்றை ஏழடிக்கு மேல் உயரத்தில் இறுக்கிக் கட்டுங்கள். குதிரை இழுத்தால் கயிறு தொய்யும், அதனால் முதலிலேயே நன்றாக முறுக்கிவிடுங்கள். குதிரையைக் கட்டும் பிடிகயிறு அதிலிருந்து தொங்கும் இடத்தில் சுழலும் வளையம் வேண்டும், இல்லாவிட்டால் விடிவதற்குள் கயிறு முறுக்கிக்கொள்ளும். குதிரைகளுக்கு இடையே மூன்று, நான்கு மீட்டர் விடுங்கள். மரத்திலிருந்தும் இரண்டு மீட்டராவது தள்ளி நிற்கட்டும்.

பிடிகயிற்றின் நீளத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். குதிரை தலையைத் தாழ்த்தினால் மூக்கு தரைக்கு எட்ட வேண்டும், ஆனால் கயிறு தரையில் புரளக் கூடாது. புரண்டால் ஒரு கால் அதைத் தாண்டிவிடும், இருட்டில் அந்தச் சிக்கலைப் பிரிப்பது பெரும்பாடு. ஹால்ட்டரில்தான் (வாயில் இரும்பு இல்லாத தலைக்கச்சை) கட்ட வேண்டும், கடிவாளத்தில் கட்டவே கூடாது. ஒரு இழுப்பில் அவிழும் முடிச்சையே போடுங்கள்.

இதையெல்லாம் காட்டுக்குப் போய்த்தான் முதன்முதலாகச் செய்வது என்றால், போகாமல் இருப்பதே நல்லது. உயரக் கயிற்றை முதலில் வீட்டில் கட்டுங்கள். பகலில் சில மணி நேரம், அப்புறம் ஒரு இரவு முழுக்க, பக்கத்திலேயே நீங்களும் படுத்துப் பாருங்கள். லாயத்தில் நல்ல பிள்ளையாக இருக்கும் குதிரை, இருட்டில் தனக்குத் தெரியாத வாடை வந்தால் வேறு மாதிரி நடக்கும். பிஜன் ரிவரில் அந்த வாடை எல்க் மான்களுடையது. 1918-ல் மேற்கிலிருந்து கொண்டுவந்து விட்ட ஏழு மான்களில் தொடங்கிய கூட்டம் அது. குதிரை நிம்மதியாக நின்று கண்ணயரக் கற்றுவிட்டால் மற்ற எல்லாமே சுலபம்.

தண்ணீருக்கு வருவோம். 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளில் 20 முதல் 40 லிட்டர் குடிக்கும், வெயிலில் வேலை செய்தால் இன்னும் கூடும். இரண்டு குதிரைக்கு 20 லிட்டர் வாளி நான்கு என்று கணக்கு வையுங்கள், அவ்வளவையும் பம்படித்து, தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். கிணற்று நீரின் வாடை பிடிக்காமல் குதிரை முகத்தைத் திருப்பலாம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வாளித் தண்ணீரில் கொஞ்சம் ஆப்பிள் சாறு கலந்து பழக்குங்கள். அங்கேயும் அதையே கலந்தால் குடிக்கும். முதல் நாளுக்கு வீட்டுத் தண்ணீரையே கொண்டுபோவது எனக்குப் பிடித்த வழி. தண்ணீர் குறைந்தால் குடல் அடைத்து வயிற்றுவலி வரும், காட்டில் கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

தீவனம், நாளொன்றுக்கு உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் உலர்புல். இரண்டு குதிரைக்குமாகச் சுமார் 20 கிலோ. வீட்டில் தின்னும் அதே புல்லாக இருக்கட்டும். திடீரென்று மாற்றினாலும் வயிற்றுவலிதான். புல் வைக்கும் வலைப்பையை உயர்த்திக் கட்டுங்கள், காலியான பை தொங்கிக் குளம்பில் மாட்டக்கூடும். கரடிகள் உள்ள காடு என்பதால் தானியத்தை வெளியே வைக்காமல் டிரெய்லருக்குள் பூட்டுங்கள்.

குதிரைகளை நிறுத்தும் இடத்தைச் சுற்றி மரங்களைப் பாருங்கள். சிவப்பு மேப்பிளின் வாடிய இலை குதிரையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும், உயிரையே வாங்கும். வாடிய காட்டுச் செர்ரி இலையும் விஷம். காற்றில் ஒடிந்து விழுந்த கிளைகளை உடனே எட்டாத தூரத்தில் போடுங்கள்.

ஜூனில் கொசுவும் குதிரை ஈயும் அதிகம். கிழக்கத்திய குதிரை மூளையழற்சிக்குத் தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். 2019-ல் மிச்சிகனில் அது கடுமையாகப் பரவியது, தாக்கினால் பெரும்பாலான குதிரைகள் பிழைப்பதில்லை. ஈ பரப்பும் தொற்று ரத்தசோகை இல்லை என்று காட்டும் காகின்ஸ் சோதனைச் சான்றும் கையில் இருக்கட்டும்.

எல்லா வன முகாமிலும் குதிரைக்கு இடம் இல்லை. பிஜன் ரிவரில் எல்க் ஹில் முகாம் குதிரைகளுக்கென்றே உள்ளது, ஷோர் டு ஷோர் என்ற நெடுந்தூரக் குதிரைச் சவாரிப் பாதை அதன் வழியாகப் போகிறது. விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள், 2002-ல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட, ஆஷ் மரங்களை அழிக்கும் வண்டு விறகு வழியாகத்தான் தூரங்களுக்குப் பரவியது. கிளம்பும்போது லத்தியையும் சிந்திய புல்லையும் வாரி அதற்கென்ற இடத்தில் போட்டு, குதிரைகள் பறித்த குழிகளை மண்ணால் மூடிவிடுங்கள்.

ஹால்ட்டரில் உங்கள் கைபேசி எண் பொறித்த தகடு ஒன்றைக் கோத்துவையுங்கள். குதிரை அவிழ்ந்து ஓடினால் துரத்த வேண்டாம். இன்னொன்றைக் கட்டியபடியே விட்டு, தானிய வாளியைக் குலுக்குங்கள். துணையை விட்டு வெகுதூரம் போகக் குதிரைக்கு மனம் வராது.