க்யூவுக்குப் பின் யூ வராத ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள் உண்டா?

உண்டு. தலாக் என்றால் மணமுறிவு; நிகாப் என்றால் முகத்திரை; கனாத் என்றால் நிலத்தடி நீர்க்கால்வாய்; ஃபகிர் என்றால் துறவி. நான்கையும் யூ இல்லாமல், க்யூ போட்டு எழுதலாம். ஃபகிருக்கு மட்டும் 'கே' போடுவதே அதிகப் பழக்கம்.

பழைய ஆங்கிலத்தில் ராணியைக் குறிக்கும் 'குவீன்' கூட சி, டபிள்யூ என்றுதான் தொடங்கியது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகே, பிரெஞ்சு வழக்கப்படி க்யூவும் யூவும் ஒட்டிக்கொண்டன. மேற்சொன்ன நான்கோ அரபி வழி வந்தவை. அடித்தொண்டையில் ஒலிக்கும் 'காஃப்' எழுத்துக்கு க்யூவை வைத்தார்கள். யூவுக்கு அங்கே வேலையில்லை.

தமிழிலும் இப்படி எழுத்தே சொல்லின் பூர்வீகத்தைச் சொல்லிவிடும். திருவல்லிக்கேணி டீக்கடைப் பலகையைப் பாருங்கள். டகரம் சொல்லின் முதலில் வராது என்பது நம் இலக்கணம். 'டீ' வெளியூர்ச் சரக்கு என்று முதலெழுத்தே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கத்தாரும் ஐந்தெழுத்துதானே என்று ஸ்கிராபிள் என்னும் சொல்லாட்டப் பலகையில் அடுக்கிவிடாதீர்கள். அது நாட்டின் பெயர், செல்லாது.