ஸ்டியரிங் பாக்ஸைத் தொடுமுன் வண்டிக்கடியில் படுங்கள்

கேள்வி: என்னுடையது 1996 மாடல் டாடா 407 லாரி. பவர் ஸ்டியரிங் கிடையாது. காபி, மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு மூன்று நடை சேலம் இறங்குகிறது. கொஞ்ச நாளாக ஸ்டியரிங்கை நாலு விரற்கடை திருப்பிய பிறகுதான் சக்கரம் அசைகிறது. நேர் ரோட்டில் வண்டி அலைகிறது. “ஸ்டியரிங் பாக்ஸில் இருக்கும் திருகை அரைச் சுற்று இறுக்கு, சரியாகிவிடும்” என்கிறார் பக்கத்து எஸ்டேட் டிரைவர். நானே செய்யலாமா?
– வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: செய்யலாம், ஆனால் அது கடைசி வேலை. அந்தத் திருகு, பாக்ஸுக்குள் (ஸ்டியரிங்கின் சுற்றைச் சக்கரத்துக்குக் கடத்தும் பெட்டி) இருக்கும் கியர் பல்லின் ஆட்டத்தை மட்டும்தான் குறைக்கும். ஆட்டம் டை ராடு எண்டில் (இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் முனையில்) இருந்தால், திருகை இறுக்கிய பிறகும் அது அப்படியேதான் இருக்கும். கூடுதலாகப் பாக்ஸும் பிடிக்க ஆரம்பிக்கும். கொண்டை ஊசி வளைவில் ஒடித்த ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. அடிவாரம் வருவதற்குள் இருபது வளைவு இருக்கிறது, யோசித்துக்கொள்ளுங்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆம் விதி 30 டிகிரிவரை ஆட்டத்தை அனுமதிக்கிறது. 45 செ.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங்கின் விளிம்பில் அது ஏறக்குறைய 12 செ.மீ. உங்கள் நாலு விரற்கடை எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குத் தேறும், மலைக்குத் தேறாது. நல்ல நிலையில் உள்ள வண்டியில் இரண்டு மூன்று செ.மீ.க்கு மேல் இருக்காது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கி இப்போது வேண்டாம்; பாரம் சக்கரத்தில் இருந்தால்தான் ஆட்டம் தெரியும். ஒருவர் கேபினில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதாக ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் கீழே படுத்து, ஒவ்வொரு இணைப்பையும் அதன் இரண்டு பாகமும் உள்ளங்கைக்குள் அடங்கும்படி பிடியுங்கள். ஒரு பாகம் நகர்ந்து, மற்றது தாமதித்து நகர்ந்தால் கையில் ‘டக்’ என்று தட்டும். கண்ணைவிடக் கை இதில் நம்பகமானது. ஸ்டியரிங் ஷாஃப்ட்டின் ஜாயின்ட், டிராப் ஆர்ம் (பாக்ஸிலிருந்து தொங்கும் கை), டிராக் லிங்க்கின் (அந்தக் கையைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) இரு முனை, டை ராடின் இரு முனை என்று மேலிருந்து வரிசையாக வாருங்கள்.

பலர் பார்க்காமல் விடும் இடம், பாக்ஸைச் சேசிஸில் பிடித்திருக்கும் போல்ட்டுகள். போல்ட் தலையைச் சுற்றிக் காவி நிறப் பொடி கோடிழுத்திருந்தால் அந்த போல்ட் ஆடுகிறது என்று அர்த்தம். இறுக்கும் முன் சேசிஸில் அந்த ஓட்டையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். முன் அச்சை ஸ்பிரிங்கோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

அடுத்து முன் அச்சைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹாலோ பிளாக் கல் கூடாது, சொல்லாமல் நொறுங்கும். டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் (சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சாணி).

வீட்டில் தாராளமாகச் செய்யக்கூடியது டை ராடு எண்ட் மாற்றுவது. நட்டு கழலாமல் குறுக்கே செருகியிருக்கும் ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டைக் கழற்றுங்கள். மரையின் தலையில் அடிக்காதீர்கள். எண்ட் செருகியிருக்கும் ஆர்மின் கண் பகுதியில் ஒரு பக்கம் கனமான சுத்தியலைத் தாங்கல் கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொன்றால் அடித்தால் எண்டின் கூம்பு முனை விட்டுக்கொடுக்கும். கிளாம்ப்பைத் தளர்த்தி, பழைய எண்டை எத்தனை சுற்றில் கழற்றினீர்கள் என்று எண்ணி, புதியதை அதே சுற்று ஏற்றுங்கள். பொதுவாக ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை. கடையில் எது என்று சொல்லி வாங்குங்கள். நட்டை இறுக்கியதும் ஸ்பிளிட் பின் ஓட்டை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. ஸ்பிளிட் பின் புதியதாக இருக்கட்டும். ஆணியை வளைத்துச் செருகுவது நம் ஊர்க் கெட்ட வழக்கம்.

இவ்வளவும் சரியாக இருந்து, டிராப் ஆர்ம் மட்டும் தாமதமாக அசைந்தால்தான் பாக்ஸ். டிராக் லிங்க்கை டிராப் ஆர்மிலிருந்து விடுவியுங்கள். ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகத் திருப்பிச் சுற்றை எண்ணி, சரிபாதியில் நிறுத்துங்கள். திருகைப் பூட்டியிருக்கும் செக் நட்டைத் தளர்த்தி, திருகை எட்டில் ஒரு சுற்று மட்டும் இறுக்கி, திருகு திரும்பாமல் பிடித்துக்கொண்டு செக் நட்டைப் பூட்டுங்கள். மறுபடி கோடிக்குக் கோடி திருப்பிப் பாருங்கள். வண்டி பெரும்பாலும் நேராக ஓடுவதால் பல் நடுவில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். நடு ஆட்டம் போகும்வரை இறுக்கி, ஓரங்களில் பிடித்தால் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். அந்தப் பாக்ஸைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆயிலையும் பாருங்கள். ஒழுகுகிறது என்று பாக்ஸுக்குள் கிரீஸ் அடைப்பவர்கள் உண்டு. பல் ஓடுகிற தடத்தில் கிரீஸ் ஒதுங்கி நின்றுவிடும், பல் வறண்டு தேயும். கையேட்டில் சொன்ன கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். ஒழுகினால் சீலை மாற்றுங்கள்.

கேள்வி: கிங் பின்னுக்குத் தவறாமல் கிரீஸ் அடிக்கிறேன். இருந்தும் ஸ்டியரிங் கனம், ஆட்டமும் இருக்கிறது.
– வாசகர், வாழப்பாடி

பதில்: சக்கரம் தரையில் இருக்கும்போது அடிக்கிறீர்கள் போலிருக்கிறது. பாரம் அழுத்திக்கொண்டிருந்தால் கிரீஸ், பாரம் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் பக்கம் நுழையாது. அச்சைத் தூக்கி, சக்கரத்தை இருபுறமும் ஒடித்துக்கொண்டே, பழைய கறுப்புக் கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். கீழ் நிப்பிளில் சேறு அடைத்திருந்தால் நிப்பிளையே மாற்றுங்கள். கனம் இதில் குறையலாம். ஆட்டம் குறையாது, கிங் பின்னைச் சுற்றியுள்ள புஷ் தேய்ந்துவிட்டது. கிட் வாங்கி, சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சிலைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேர்க்கோட்டில் ரீமரால் துளை சீராக்கப்பட வேண்டும். வீட்டில் எமரித் தாளால் தேய்த்து ஏற்றிய புஷ் ஒரு மழைக்காலம் தாண்டுவதில்லை.

கேள்வி: டிராப் ஆர்மில் மெல்லிய விரிசல். வெல்டிங் வைக்கலாமா?
– வாசகர், சங்ககிரி

பதில்: கூடாது. ஸ்டியரிங்கில் எந்தப் பாகத்துக்கும் வெல்டிங்கும் கூடாது, காய்ச்சி நிமிர்த்துவதும் கூடாது. புதியது போடுங்கள். கழற்றும்போது ஆர்முக்கும் ஷாஃப்ட்டுக்கும் சேர்த்து ஒரு கோடு குத்திக்கொண்டு, புல்லர் போட்டு இழுங்கள். சுத்தியலால் அடித்தால் அடி உள்ளே பேரிங்கில் இறங்கும்.

கேள்வி: டை ராடு எண்ட் இரண்டும் மாற்றினேன். ஆட்டம் போய்விட்டது, ஆனால் முன் டயர் ஓரம் ரம்பம் போல் தேய்கிறது.
– வாசகர், அயோத்தியாப்பட்டணம்

பதில்: டோ (முன் டயர்களின் முன்பக்க, பின்பக்க இடைவெளிகளின் வித்தியாசம்) தப்பிவிட்டது. முன் டயர்களைத் தூக்கிச் சுற்றவிட்டு, நடுவில் சாக்பீஸால் மெல்லிய கோடு போடுங்கள். இறக்கி, வண்டியைக் கொஞ்சம் முன்னே தள்ளி நிறுத்துங்கள். முன்பக்கம் அச்சின் உயரத்தில் இரு கோட்டுக்கும் இடையே அளந்து, அந்த இடத்தில் அடையாளம் வையுங்கள். அடையாளம் பின்பக்கம் வரும்வரை, அரைச் சுற்று, வண்டியை உருட்டி மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கையேட்டில் உள்ளபடி வரும்வரை டை ராடைத் திருப்புங்கள். பெரும்பாலும் அது ஓரிரு மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு தடவை திருப்பிய பிறகும் வண்டியைப் பத்தடி உருட்டிவிட்டு அளந்தால்தான் அளவு உண்மை பேசும். முடிந்ததும் கிளாம்ப் போல்ட்டை இறுக்க மறக்காதீர்கள்.