ஊசி போட்ட கையில் மரத்துப்போன இடம்

கேள்வி: எனக்கு வயது 46, தையல் தொழில் செய்கிறேன். காலில் ஆணி குத்தியதால் 12 நாட்களுக்கு முன்பு இடது கையில் டி.டி. தடுப்பூசி போட்டுக்கொண்டேன். ஊசி இறங்கிய நொடியிலேயே மின்சாரம் தாக்கியதுபோல் ஒரு வலி பெருவிரல் வரை ஓடியது. வீக்கம் இரண்டே நாளில் வடிந்துவிட்டது. ஆனால், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட புறங்கைப் பகுதி இன்னும் மரத்தே இருக்கிறது. துணியைப் பிடிக்கும்போது மணிக்கட்டும் தளர்கிறது. நரம்பு பாதிக்கப்பட்டிருக்குமா? அடுத்த தவணை ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா?

- வாசகர், திண்டுக்கல்

பதில்: தடுப்பூசிக்குப் பிறகு கை வலிப்பதும் கனப்பதும் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாட்களில் சரியாகிவிடும். உங்கள் தொல்லை அந்த வகையைச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. ஊசி இறங்கிய கணத்திலேயே வலி ஓடியதும், மரத்த இடமும், மணிக்கட்டின் தளர்ச்சியும், மணிக்கட்டை உயர்த்த உதவும் ரேடியல் நரம்பையே சுட்டுகின்றன. தோள் எலும்பின் விளிம்புக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, டெல்டாய்டு தசையின் தடித்த நடுப்பகுதியில் போட வேண்டிய ஊசியை மிகவும் கீழேயோ பின்புறமாகவோ போட்டால், மேற்கை எலும்பைச் சுற்றி இறங்கும் அந்த நரம்பில் அது படக்கூடும். சட்டைக் கையைப் பாதி மட்டும் சுருட்டிவிட்டு ஊசிக்குக் கை நீட்டும்போது இந்தத் தவறு நேர வாய்ப்புண்டு. தோள் முழுவதும் தெரியும்படி சட்டையை விலக்குவதே சரி.

இரு கைகளையும் உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி முன்னால் நீட்டி, மணிக்கட்டுகளை மேல்நோக்கி உயர்த்திப் பாருங்கள். இடது மணிக்கட்டு வலதுக்கு இணையாக உயராவிட்டால், தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரைச் சந்தியுங்கள். நரம்புக் கடத்தல் சோதனையையும், தசைகளின் மின் இயக்கத்தை அளக்கும் இ.எம்.ஜி. சோதனையையும் ஏறக்குறைய மூன்று வாரங்கள் கழித்துச் செய்தால்தான் பாதிப்பின் அளவு தெளிவாகத் தெரியும் என்பதால், அவர் சில நாட்கள் பொறுக்கச் சொன்னால் அதை அலட்சியமாக எண்ண வேண்டாம். நரம்பு இழைகள் அறுபடாமல் நசுங்கி மட்டும் இருந்தால், சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் தேறிவிடும்; இழைகள் அறுந்திருந்தால் அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளரும். அதுவரை மணிக்கட்டைத் தாங்கும் பட்டையும் இயன்முறைப் பயிற்சியும் உதவும். உங்கள் தொழிலை எண்ணி ஒன்றை வலியுறுத்துகிறேன்: மரத்த தோலுக்குச் சூடு தெரியாது; இஸ்திரிப் பெட்டியருகே அந்தக் கையைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள், சூட்டு ஒத்தடமும் வேண்டாம்.

சர்க்கரை நோயோ கழுத்தெலும்புத் தேய்மானமோ இருந்தாலும் கை மரக்கும் என்பதால் மருத்துவர் அவற்றையும் பார்ப்பார். ஊசிக்குச் சில நாட்கள் கழித்துத் தோளில் கடும் வலி தொடங்கி, வலி தணியும்போது கை வலுவிழந்தால் அது கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புகளின் பின்னலான புயப் பின்னலில் ஏற்படும் நரம்பழற்சியாக இருக்கலாம். உங்களுக்கு உடனடியாகத் தொடங்கியதால் அதற்கான வாய்ப்பு குறைவு. இரு கால்களிலும் மரப்பும் பலவீனமும் ஏறிவந்தாலோ மூச்சு விடச் சிரமப்பட்டாலோ அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

அடுத்த தவணையைக் கைவிட வேண்டாம். பாதிப்பு ஊசி இறங்கிய இடத்தால் வந்தது என்று மருத்துவர் உறுதிசெய்தால், வலது கையில் சரியான இடத்தில் போட்டுக்கொள்ளலாம். நடந்ததை ஊசி போட்ட மையத்திலும், மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவுசெய்யும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தெரிவியுங்கள்.